ஏட்டில் அடித்த பெயர்

தமிழ் முதுகலை படித்தவர்க்கு 'அடைவு' என்னும் சொல் புதியதன்று. சொல்லடைவு, பொருளடைவு, பாடலடைவு என நூல்களின் கடைசிப் பக்கங்களில் பொடி எழுத்தில் அச்சாகும் பட்டியல்களோடுதான் நம் ஆய்வுக் காலம் பெரும்பாலும் கழிந்தது. நூலை முழுவதும் படித்தவனைக் காட்டிலும் அதன் அடைவைச் செய்தவனே நூலை நன்கறிந்தவன் என்று நம் பேராசிரியர் ஒருவர் அடிக்கடி சொல்வார். அதே சொல் கணினித் துறையில் ஒரு பெரும்பணிக்குப் பெயராக வழங்குகிறது என்பதை நாம் அறிந்துகொண்டது 2020ஆம் ஆண்டு, வாலிநோக்கத்தில், நம் வீட்டு மொட்டை மாடியில்.

கணினி பற்றி இலக்கிய அன்பர்களிடம் பேசப் புகுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். இஃது உண்மையில் பெயர்களைப் பற்றிய கட்டுரை. ஆகவே பொறுத்தருள்க.

வாலிநோக்கம் இராமநாதபுரம் மாவட்டத்தில் மன்னார் வளைகுடாவை நோக்கியிருக்கும் கடற்கரை ஊர். ஒருபுறம் வலையும் படகும். மறுபுறம் கண்ணுக்கெட்டும்வரை உப்பளம். 1974இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு உப்பு நிறுவனத்தின் உப்பளங்கள் மாரியூர் வாலிநோக்கம் பகுதியில்தான் உள்ளன. அரசு உப்பளம் அன்றித் தனியார் அளங்களும் இக்கரை நெடுகிலும் உண்டு. அத்தகைய தனியார் அளம் ஒன்றில்தான் நம் தந்தையார் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கணக்குப்பிள்ளையாக இருந்தார். காலையில் வேலைக்கு வந்தவர் பெயரை ஏட்டில் குறிப்பது, வாரக் கடைசியில் கூலி கணக்கிட்டுத் தருவது, வேலையை விட்டவர் பெயரைச் சிவப்பு மையால் அடிப்பது ஆகியவை அவர் பணி.

நம் தம்பியோ சென்னையில் ஒரு வணிக நிறுவனத்தின் கணினி வலையமைப்பைப் பார்த்துக்கொள்பவன். 2020 மார்ச் 25 அன்று நாடு முழுதும் ஊரடங்கு தொடங்கியது. அதற்குச் சில நாள் முன்னரே அவன் மடிக்கணினியோடு ஊருக்கு வந்துவிட்டான். நம் கல்லூரியும் மூடப்பட்டது. ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குப் பின்பு அண்ணன் தம்பி இருவரும் பெற்றோரோடு ஒரே கூரையின்கீழ் மாதக்கணக்கில் தங்கும் வாய்ப்பு அப்படித்தான் அமைந்தது. வீட்டுக்குள் அலைபேசிச் சமிக்ஞை சரியாகக் கிடைப்பதில்லை. ஆதலால் அவன் மொட்டை மாடியில் தென்னங்கீற்றுப் பந்தல் ஒன்று போட்டு, அங்கிருந்தபடியே சென்னை அலுவலகத்தின் சர்வர்களை ஆண்டுகொண்டிருந்தான்.

ஒருநாள் மாலை தேநீர் கொண்டுபோய்க் கொடுத்தபோது அவனது திரையை எட்டிப் பார்த்தோம். வரிசையாகப் பெயர்கள். ஒவ்வொன்றின் முன்னும் சிறு தலை ஒன்று வரைந்திருந்தது. இடப்புறம் கிளை கிளையாக ஏதோ விரிந்து சென்றது.

"என்னப்பா இது, வாக்காளர் பட்டியலா?"

"இதுதாண்ணே ஆக்டிவ் டைரக்டரி. எங்க கம்பெனில யார் யாரு, யாருக்கு எந்தக் கதவு திறக்கும், எல்லாம் இதுக்குள்ள இருக்கு. இந்த மொத்தத்துக்கும் பேரு காடு. காட்டுக்குள்ள மரம். மரத்துல கிளை. கிளையில இலை. இலைதான் ஆளு."

காடு, மரம், கிளை, இலை என்று அவன் சொல்லச் சொல்ல நமக்குத் தொல்காப்பிய மரபியல் நினைவுக்கு வந்தது. ஓரறிவுயிரின் உறுப்புகளுக்கு இன்னின்ன பெயர் வழங்கும் என வகுத்துச் சொல்லும் அந்த இயலின் கண்ணோட்டம் வாலிநோக்கத்து மாடியில் ஒரு மடிக்கணினிக்குள் இருக்கக் கண்டது விந்தையாக இருந்தது. அன்றிலிருந்து மாலைதோறும் அவனிடம் பாடம் கேட்கத் தொடங்கினோம். ஆசிரியனாக இருபது ஆண்டுகள் பேசியவனுக்கு மாணவனாக உட்காருவதும் ஒரு சுகமே.

நாம் விளங்கிக்கொண்டதைச் சுருக்கமாகச் சொல்வோம். நூறு பேர் பணியாற்றும் அலுவலகத்தில் நூறு கணினிகள், சில அச்சுப்பொறிகள், கணக்கு மென்பொருள், மின்னஞ்சல், பொதுக்கோப்புகள் எனப் பலவும் இருக்கும். ஒவ்வொன்றும் தனித்தனியே ஆள்களின் பெயரையும் கடவுச்சொல்லையும் வைத்துக்கொண்டால், ஒருவர் வேலையை விட்டுப் போகும்போது பத்து இடங்களில் அவர் பெயரை நீக்க வேண்டும். ஓரிடத்தில் மறந்தாலும் அந்தக் கதவு திறந்தே கிடக்கும். ஆகையால் எல்லாப் பெயர்களையும் ஒரே ஏட்டில் எழுதி, மற்றவை யாவும் அந்த ஏட்டைக் கேட்டே நடக்கும்படி செய்தனர். அதுவே அடைவுச் சேவை. இதற்கான முதல் உலகப் பொதுநெறி 'எக்ஸ்.500' என்ற பெயரில் 1988இல் வந்தது. அது மிகக் கனமாக இருந்தமையால் 1993இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் டிம் ஹோவ்ஸ் முதலியோர் எளிய வடிவம் ஒன்றை ஆக்கினர். அதன் பெயர் எல்டேப். மைக்ரோசாப்ட் நிறுவனம் அந்நெறியைத் தழுவி ஆக்டிவ் டைரக்டரியை 2000ஆம் ஆண்டு விண்டோஸ் 2000 சர்வரோடு வெளியிட்டது. இன்று உலகின் மிகப் பல அலுவலகங்களில் காலையில் ஒருவர் கணினியைத் திறக்கும்போது 'இவர் யார்?' என்ற கேள்விக்கு விடை சொல்வது ஏதேனும் ஓர் அடைவுதான்.

விடை சொல்வதோடு அது நிற்பதில்லை. ஆளை உறுதி செய்துகொண்டபின் அவருக்கு ஒரு சீட்டைத் தருகிறது. கெர்பெரோஸ் என்பது அம்முறையின் பெயர். அதன்பின் எந்தக் கதவிலும் கடவுச்சொல்லைத் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை, சீட்டைக் காட்டினால் போதும். சீட்டுக்குக் கால எல்லை உண்டு. ஆளின் கணினிக் கடிகாரமும் சர்வரின் கடிகாரமும் ஐந்து நிமிடத்துக்கு மேல் வேறுபட்டால் வழக்கமான அமைப்பில் சீட்டுச் செல்லாது. இதைக் கேட்டுக்கொண்டிருந்த தந்தையார், "நாங்க டோக்கன் குடுப்போம்ல, அதுதான்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்.

*

நமக்கு உண்மையாகவே சுவை தட்டியது பெயர் எழுதும் முறையில். அடைவில் ஒவ்வோர் ஆளுக்கும் 'தனித்துக் காட்டும் பெயர்' ஒன்றுண்டு. ஆளின் பெயர், அவர் இருக்கும் கிளை, கிளை இருக்கும் மரம் எனத் தொடர்ந்து அடுக்கி எழுதுவது அது. ஒரே கிளையில் ஒரே பெயருடைய இருவர் இருக்கலாகாது. வேறு வேறு கிளைகளில் இருக்கலாம்.

இதை நம் சங்கப் புலவர் பெயர்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். உறையூர் ஏணிச்சேரி முடமோசியார். உறையூர் என்பது மரம், ஏணிச்சேரி என்பது கிளை, முடமோசியார் என்பது இலை. மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார் என்னும்போது ஊரும் தந்தையும் பெயரும் வரிசையாக நின்று 'இந்த நக்கீரர்தாம், வேறொருவர் அல்லர்' என்கின்றன. எக்ஸ்.500 நெறி வேரிலிருந்து இலைக்கு எழுதும், எல்டேப் இலையிலிருந்து வேருக்கு எழுதும் என்று தம்பி சொன்னான். அப்படியானால் நம் ஏடுகளில் புலவர் பெயரை எழுதிவைத்தவர்கள் எக்ஸ்.500 மரபினர் என்றோம். அவனுக்குச் சிரிப்பு.

பெயர் தெரியாத புலவர்க்கும் நம் தொகுப்பாளர்கள் ஒரு வழி கண்டனர். பாட்டில் வரும் அரிய தொடரையே அவர்க்குப் பெயராக்கினர். செம்புலப்பெயல்நீரார், தேய்புரிப் பழங்கயிற்றினார், அணிலாடு முன்றிலார் என்பன அவ்வாறு வந்தவை. பெயர் இல்லாவிடினும் ஆள் ஏட்டிலிருந்து விழுந்துவிடக் கூடாது என்னும் அக்கறை அது. 1940இல் வையாபுரிப்பிள்ளை பதிப்பித்த சமாஜப் பதிப்பு சங்கப் பாடல்களைப் புலவர் பெயர்வாரியாகத் தொகுத்து வெளியிட்டது. இந்தக் கபிலரும் அந்தக் கபிலரும் ஒருவரா இருவரா என்ற கேள்வி வந்தால் ஆராய்ச்சியாளர் ஆண்டுக்கணக்கில் வாதிடலாம். எந்தக் கபிலரும் எழுந்துவந்து வழக்காடப் போவதில்லை. அலுவலக அடைவில் அந்த வசதி இல்லை. அங்கே பிழை நேர்ந்தால் உயிரோடிருக்கும் ஒருவர் கதவுக்கு வெளியே நிற்பார்.

தமிழ்ப் பெயர்களை இவ்வடைவுகளில் அடக்குவதில் வேறொரு சிக்கலும் உண்டு. எல்டேப் நெறியில் 'ஆள்' என்னும் வகைக்கு இரண்டு பண்புகள் கட்டாயம். ஒன்று பொதுப்பெயர், மற்றொன்று குடும்பப்பெயர். நமக்கோ குடும்பப்பெயர் என்பதே இல்லை. சாதிப் பெயரைப் பின்னொட்டாகச் சேர்ப்பதைத் தமிழ்நாட்டில் பெரும்பாலோர் கைவிட்டுத் தலைமுறைகள் ஆகின்றன. நமக்கிருப்பது தலைப்பெழுத்து. அது தந்தையின் பெயரைக் குறிக்கும், சிலர்க்கு ஊரையும் சேர்த்துக் குறிக்கும். அந்தக் கட்டத்தை நிரப்ப வேண்டியவர் தந்தை பெயரை இடுவார், அல்லது தலைப்பெழுத்தை இடுவார், அல்லது ஒரு புள்ளியை வைத்து நகர்வார். கட்டாயம் என்றவர்க்கு நாம் இருப்பது தெரியாது. நிரப்புகிறவர்க்கோ நேரம் இல்லை.

தலைப்பெழுத்திலும் ஒரு கண்ணி இருக்கிறது. செல்லையா மகன் தமிழில் செ., சுப்பையா மகன் தமிழில் சு. ஆங்கிலத்தில் இருவரும் எஸ். பெயரோடு தலைப்பெழுத்தையும் தமிழிலேயே எழுத வேண்டும் என்று தமிழக அரசு 2021 இறுதியில் வலியுறுத்தியபோது சிலர் அதை வெறும் மொழிப்பற்று என்று எள்ளினர். நாம் எள்ளவில்லை. ஓராண்டுக்கு முன்பே அந்த ஒற்றை எழுத்து என்ன செய்யும் என்று கண்டிருந்தோம்.

*

2020 ஜூன் மாதத்து வெள்ளிக்கிழமை இரவு. மின்சாரம் வருவதும் போவதுமாக இருந்தது. பணியிலிருந்து விலகியோர் பட்டியல் ஒன்று தம்பிக்கு அலுவலகத்திலிருந்து வந்தது. அந்நாளில் அத்தகைய பட்டியல்கள் அடிக்கடி வந்தன. அவற்றுள் தாமாக விலகியோர் எத்தனை பேர், விலக்கப்பட்டோர் எத்தனை பேர் என்று பட்டியல் சொல்லாது. பெயர் மட்டும் இருக்கும். அன்றைய பட்டியலில் பணியாளர் எண்ணும் இல்லை. அதில் ஒரு பெயர் எஸ். முருகேசன் என்று வைத்துக்கொள்வோம்.

நிறுவனத்தில் எஸ். முருகேசன் இருவர். சென்னைக் கணக்குப் பிரிவில் ஒருவர், தூத்துக்குடிக் கிடங்கில் ஒருவர். தூத்துக்குடிக்காரர் முதலில் சேர்ந்தவராதலால் அவரது கணக்குப் பெயரில் எண் எதுவும் இல்லை. பின்னால் சேர்ந்தவர்க்கு வாலில் 1 என்ற எண். பட்டியலில் எண் இல்லை, திரையிலும் எண் இல்லாத பெயர் முதலில் நின்றது. இரவு பதினொரு மணிக்குத் தம்பி தூத்துக்குடிக்காரரை நீக்கினான். சென்னைக்காரர் கணக்கு அப்படியே இருந்தது.

சனிக்கிழமை காலை கிடங்கில் லாரிகள் வந்து நின்றன. முருகேசன் கணினியில் தம் பெயரை இட்டார். பயனர் பெயரோ கடவுச்சொல்லோ தவறு என்று திரை சொன்னது. நான்கு முறை இட்டார். உதவி எண்ணுக்கு அழைத்தார், சனிக்கிழமை எடுப்பாரில்லை. அந்த மாதங்களில் வேலை போன பலருக்கு அச்செய்தி முதலில் வந்தது இப்படித்தான். கடிதம் வரும் முன்பே கணினி மறுத்துவிடும். அவர் ஒன்றும் பேசாமல் வேறொருவரை வைத்துக் கணக்கை எழுதச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

திங்கட்கிழமைதான் புகார் தம்பியை வந்தடைந்தது. பார்த்த உடனே அவன் முகம் வெளுத்ததை நாம் எதிரிலிருந்தே கண்டோம். பதற்றத்தில் முதலில் அவன் செய்தது, அதே பெயரில் புதிய கணக்கு ஒன்றைப் படைத்ததுதான். பெயர் அதே பெயர், பிரிவு அதே பிரிவு, கடவுச்சொல் புதிது. ஆனால் ஒரு கோப்பும் திறக்கவில்லை.

ஏன் என்று கேட்டோம். அவன் சொன்ன விடையை இன்றும் நினைத்துப் பார்க்கிறோம். அடைவு ஆளைப் பெயரால் அறிவதில்லை. ஒவ்வொரு கணக்கும் பிறக்கும்போதே அதற்கு ஒரு பாதுகாப்பு எண்ணை இட்டுவிடுகிறது. கோப்புகளின் வாசலில் எழுதியிருப்பது பெயரன்று, அந்த எண். பெயரை எத்தனை முறை மாற்றினாலும் எண் மாறாது. கணக்கை அழித்துவிட்டு அதே பெயரில் வேறொன்றைப் படைத்தால் எண் வேறாகிவிடும். ஒரு முறை தந்த எண்ணை அந்த அடைவு மறுபடி எவருக்கும் தருவதில்லை. ஆகவே புதிய முருகேசன் பழைய முருகேசன் அல்லர். அவர் பெயரைத் தாங்கி வந்த அயலார். பன்னிரண்டு ஆண்டுக்காலம் அவர் சேர்த்த அனுமதிகள், அவர் உறுப்பினராயிருந்த குழுக்கள், அவர் எழுதிவைத்த கோப்புகள் எதுவும் இந்த அயலாரை அறியா.

நல்வாய்ப்பாக வேறு வழி இருந்தது. 2009இல் வெளியான விண்டோஸ் சர்வர் 2008 ஆர்2 முதற்கொண்டு ஆக்டிவ் டைரக்டரிக்கு ஒரு மீட்புத்தொட்டி உண்டு. அதை முன்கூட்டியே இயக்கிவைத்திருக்க வேண்டும். இழந்தபின் இயக்கினால் முன்பு இழந்தது வராது. தம்பி முந்திய ஆண்டே இயக்கிவைத்திருந்தான். தான் படைத்த அயலாரை நீக்கிவிட்டுப் பழையவரைத் தொட்டியிலிருந்து எடுத்தான். அதே எண், அதே குழுக்கள், அதே அனுமதிகள். சில நிமிட வேலை. அந்தத் தொட்டி இல்லாதிருந்தால் கணக்கின் பெரும்பாலான விவரங்கள் உதிர்ந்த வெறுங்கூடு மட்டுமே எஞ்சியிருக்கும். காப்புப் பிரதியைத் தேடியெடுத்து, சர்வரைத் தனி முறையில் இயக்கி, அந்த ஓர் ஆளை மட்டும் மீட்டுக் கொண்டுவருவது ஒரு நாள் பாடு என்றான். புகார் தீர்க்கப்பட்டது என்று தானியங்கி மின்னஞ்சல் ஒன்று தூத்துக்குடிக்குப் போயிற்று. தம்பி பெருமூச்சு விட்டான்.

இரவு உணவின்போது நடந்ததைச் சொன்னோம். தந்தையார் சோற்றைப் பிசைவதை நிறுத்தினார்.

"அந்த மனுசங்கிட்டப் பேசினியா?"

"மெயில் போயிருச்சுப்பா. இன்னேரம் உள்ள போயிருப்பாரு."

"மெயிலு போச்சு சரி. நீ பேசினியா?"

தம்பி விடை சொல்லவில்லை. அப்போது தந்தையார் நாமிருவரும் அதுவரை கேட்டிராத ஒன்றைச் சொன்னார். எண்பதுகளின் தொடக்கத்தில் அவரது அளத்தில் உப்பு வாரும் பெண்களுள் முனியம்மாள் என்ற பெயரில் இருவர் இருந்தனர். ஒருத்தி வேலையை விட்டாள். அவர் அடித்தது மற்றவள் பெயரை. வாரக் கூலி கொடுக்கும் நாளில் அவள் வரிசையில் நின்றாள். ஏட்டில் பெயர் இல்லை. முதலாளியின் ஆள் அவளை விரட்டினான். தந்தையார் அன்று வேறு வேலையாக வெளியே போயிருந்தார். ஆறு நாள் வெயிலில் பாத்தியில் நின்றவள் வெறுங்கையோடு திரும்பினாள். மறுநாள் பிழை தெரிந்ததும் கூலியை வேறொருவரிடம் கொடுத்தனுப்பினார். அவள் வாங்க மறுத்துவிட்டாள். அடித்தவர் வந்து சொல்லட்டும் என்றாள்.

"போனேன். அவ புருசனும் பிள்ளைகளும் இருந்தாங்க. அவங்க முன்னாடிதான் வரிசையில நின்னு விரட்டுப்பட்டிருக்கா. அதே மாதிரி அவங்க முன்னாடி சொன்னேன், தப்பு என்னோடதுன்னு. அதுக்கப்புறந்தான் காச வாங்கினா. ஏட்டுல அடிச்சவன்தாண்டா வீட்டுக்குப் போய்ச் சொல்லணும்."

அதன் பிறகு அவர் ஏட்டில் வெறும் பெயர் எழுதுவதை விட்டுவிட்டார். கிணற்றடி முனியம்மாள், மேலத்தெரு முனியம்மாள் என்று இடத்தையும் சேர்த்தே எழுதினார். உறையூர் ஏணிச்சேரி முடமோசியார் என்று எழுதிய கையும் இதற்கு முன் எப்போதேனும் ஒரு பெயரைத் தவறாக அடித்திருக்குமோ என்னவோ.

*

தம்பி அன்றிரவே மாடிக்குப் போய்த் தூத்துக்குடிக்கு அழைத்தான். ஒலிபெருக்கியில் போடச் சொன்னவர் தந்தையார்.

"அண்ணாச்சி, வணக்கம். சென்னை ஆபீஸ்ல நெட்வொர்க் பாக்குறவன் பேசுறேன். உங்க கணக்க அழிச்சது நான்தான். ஆள் மாறிப் போச்சு. கம்பெனி ஒண்ணும் சொல்லல, தப்பு முழுக்க என்னோடது."

சற்று நேரம் அங்கிருந்து ஒலியே இல்லை. காற்று மட்டும் இரைந்தது.

"அப்ப என்னைய எடுக்கலையா தம்பி?"

"இல்ல அண்ணாச்சி."

"ரெண்டு நாளா வீட்டுல சொல்லல. லீவுன்னு சொல்லி வச்சிருந்தேன். இன்னிக்குக் கம்ப்யூட்டர் திறந்துச்சு, ஆனா எதுக்குத் திறந்துச்சுன்னு புரியல. பாக்கி வேலைய முடிச்சுக் குடுக்கத்தான் திறந்து விட்டிருக்காங்கன்னு நெனச்சேன்."

மின்னஞ்சல் போயிற்று என்று நாம் நிம்மதியாகச் சோறு உண்ட நேரத்தில் அந்த மனிதர் அப்படி நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். தம்பி மறுபடியும் மன்னிப்புக் கேட்டான். அவர் பெருந்தன்மையாக, இருக்கட்டும் தம்பி என்றார். பிறகு கேட்டார்.

"அந்த இன்னொரு முருகேசன் யாரு தம்பி? அவருக்கா வேலை போச்சு?"

தம்பிக்குத் தெரியவில்லை. பட்டியலில் காரணம் எழுதியிருக்கவில்லை. தெரியாது அண்ணாச்சி என்று மட்டும் சொன்னான். "பாவம்" என்று சொல்லிவிட்டு அவர் வைத்துவிட்டார்.

பிழையைத் திருத்திக்கொண்டோம் என்ற எண்ணத்தோடு உட்கார்ந்திருந்த எங்களுக்கு அக்கேள்வி ஒரு குத்தாக இருந்தது. சரியான பெயரை அடித்திருந்தாலும் அங்கேயும் ஓர் ஆள் இருந்திருப்பார். சரியாக நீக்கப்பட்டவரைப் பற்றி அந்த இரவு வரையில் நம்முள் ஒருவரும் நினைக்கவில்லை. கதவுக்கு வெளியே நின்றவர்தாம் நினைத்தார்.

அடுத்த வாரமே தம்பி தன் மேலாளரிடம் பேசிச் சில நடைமுறைகளை மாற்றினான். பணியாளர் எண் இல்லாத பட்டியலை ஏற்பதில்லை. விலகியோர் கணக்கை உடனே அழிப்பதில்லை. முடக்கி, தனிக்கிளை ஒன்றில் தொண்ணூறு நாள் வைத்திருந்து, அதன்பின்பே நீக்குவது. முடக்குமுன் அவருடைய மேற்பார்வையாளரைத் தொலைபேசியில் அழைத்து, இவர்தானா, இவருக்குச் செய்தி தெரியுமா என்று கேட்டுக்கொள்வது. முதல் இரண்டும் இத்துறையில் பலரும் கடைப்பிடிப்பவையே, பாடநூலில் உள்ளவை என்றான். மூன்றாவது எந்தப் பாடநூலிலும் இல்லை. அது வாலிநோக்கத்து உப்பளத்துப் பாடம்.

*

இதை எழுதக் காரணம் தம்பியின் பிழையன்று. நம் பிழை.

சில ஆண்டுகளுக்கு முன் நம் துறை மாணவர்களின் விவரங்களை இணையத்தில் ஏற்றும் பொறுப்பு நமக்கு வந்தது. அங்கும் குடும்பப்பெயர் என்ற கட்டம் கட்டாயம். அறுபது பேருக்கும் தந்தை பெயரை இட்டு ஒரே அமர்வில் முடித்தோம். ஒரு மாணவி மட்டும் முன்னரே வந்து சொல்லியிருந்தாள். "ஐயா, எனக்கு அம்மா பேரப் போடுங்க. அவங்கதான் என்னைய வளத்தாங்க." தலையசைத்திருந்தோம். ஏற்றும் நாளில் மறந்துபோயிற்று. பட்டியலில் இருந்த பெயரை அப்படியே ஏற்றிவிட்டோம். அவள் மறுபடி வந்து கேட்டபோது, இனி மாற்றுவது கடினம், பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டது என்று சொல்லியனுப்பினோம். மாற்ற வழி இருந்ததா என்று நாம் விசாரிக்கவேயில்லை. இயற்பெயர் முன்னா சிறப்புப்பெயர் முன்னா என்று தொல்காப்பியர் வகுத்ததை அதே மாணவிக்கு வகுப்பில் நடத்தியவரும் நாமே.

தந்தையார் அந்தச் சொல்லைச் சொன்ன இரவில் உறக்கம் வரவில்லை. ஏட்டில் அடித்தவன்தான் வீட்டுக்குப் போய்ச் சொல்ல வேண்டும். மூன்று நாள் தயங்கி, அவள் எண்ணைத் தேடிப் பிடித்து அழைத்தோம். பரமக்குடிப் பக்கம் ஒரு பள்ளியில் ஆசிரியையாக இருந்தாள். நடந்ததைச் சொன்னோம். பிழை நம்முடையது என்றோம். மாற்றுவதற்கு வேண்டிய கடிதங்களை நாமே எழுதித் தருகிறோம், அலைய வேண்டிய இடங்களுக்கு நாமே அலைகிறோம் என்றோம்.

சிறிது நேரம் கழித்துச் சொன்னாள். "இப்ப எல்லாச் சான்றிதழ்லயும் அந்தப் பேருதான் ஐயா இருக்கு. வேலை உத்தரவுலயும். ஒண்ண மாத்தினா எல்லாம் மாத்தணும். அப்படியே இருந்துட்டுப் போகட்டும்." பிறகு, "அம்மாகிட்ட நீங்க போன் பண்ணினத மட்டும் சொல்றேன்" என்றாள்.

மீட்புத்தொட்டி எல்லா ஏடுகளுக்கும் இருப்பதில்லை.

தந்தையாரின் பழைய வருகையேடுகளுள் ஒன்று இன்றும் வாலிநோக்கத்து வீட்டுப் பெட்டியில் இருக்கிறது. உப்புக் காற்றில் தாள்கள் பழுத்து, ஓரங்கள் உதிர்ந்துவிட்டன. அதன் ஒரு பக்கத்தில் முனியம்மாள் என்ற பெயர் சிவப்பு மையால் அடிக்கப்பட்டு, அதன் மேலேயே நீல மையில் மறுபடி எழுதப்பட்டிருக்கிறது. பக்கத்தில் பொடி எழுத்தில் 'கிணற்றடி' என்றிருக்கும். ஊருக்குப் போகும்போதெல்லாம் தம்பியும் நாமும் அதை ஒருமுறை எடுத்துப் பார்ப்பதுண்டு.